கேய்னர் எடுக்கச் சொன்ன வரி

என் தம்பி கிளைவ், கேய்னரைக் கட்டிக்கொண்டபோது, அவளை எட்டிப்பிடிக்கவே இவனுக்கு ஆயுசு போதாது என்று கேலி செய்தோம். எங்கள் ஊரான ஹாலிஃபாக்ஸில் பேருந்து ஓட்டுநர் அவள். ஞாயிறு ஆனால் மலையோட்டப் பந்தயம். முழங்கால் வரை சேறோடு வந்து, உட்காரக்கூடப் பொறுமையில்லாமல் நின்றபடியே மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்பாள்.

முப்பத்தாறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. தலையைக் கழுவினால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தபின், இது நாட்பட்ட களைப்பு நோய் என்றார் எங்கள் குடும்ப டாக்டர் பிக்கர்ஸ்கில். மருத்துவர்களுக்கான வழிகாட்டியில் இருந்தபடியே, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார். களைத்தாலும் நிறுத்தக் கூடாது.

ஓடிப் பழகியவளுக்கு இதைவிடப் பிடித்த மருந்து ஏது? முதலில் தெருமுனை, அடுத்து கால்வாய்க்கரை, அப்புறம் பாலம். ஒவ்வொரு நடைக்கும் பின்னால் அடித்துப்போட்டதுபோலக் கிடந்தாள். மோசமாகிறது என்று டாக்டரிடம் சொன்னாள். உடம்பு பழகும், விட்டுவிடாதே என்றார் அவர். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் பாலத்திலேயே சரிந்து விழுந்தாள். கிளைவ் தூக்கிக்கொண்டு வந்து மாடியில் படுக்க வைத்தான். அதன்பிறகு அவள் தானாகப் படியிறங்கியதே இல்லை. வெளிச்சம் பட்டால் வலி, சத்தம் கேட்டால் வலி. திரைச்சீலையை நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, எங்கள் பக்கத்து மருத்துவர்கள் அந்த வழிகாட்டியைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். நோயாளி ஒருவரும் அதில் இருக்க வேண்டுமாம். கேய்னரைக் கேட்டு வந்தவர் பிக்கர்ஸ்கில்லேதான். கிளைவ் அவரை வாசலோடு அனுப்பப் பார்த்தான்.

மாடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. “அவர உள்ள விடுப்பா. நான் பேசுறேன்.”

குழு கூடும் நாட்களில், இருட்டறையில் படுத்தபடி, கிளைவ் தொலைபேசியைக் காதருகே பிடிக்க, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் நேரம்தான் பேசுவாள். அதற்காகப் பல நாள் முன்பிருந்தே வாய் திறக்காமல் தெம்பைச் சேர்த்துவைப்பாள். பேசிய பிறகு வாரக்கணக்கில் எங்களிடமும் பேச முடியாது.

சண்டை ஒரே வரிக்காக. களைத்தாலும் நடையைக் கூட்டச் சொல்லும் வரி. அதை எடுத்துவிட வேண்டும் என்றாள் கேய்னர். குழுவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் லம் என்ற அம்மாள் விடவில்லை. “சில பேர் இதுல தேறியிருக்காங்கம்மா. இதையும் எடுத்துட்டா, வர்றவங்களுக்கு நாங்க என்னத்தச் சொல்றது?”

கிளைவ் தொலைபேசியை இன்னும் நெருக்கிப் பிடித்தான்.

“தேறினவங்க நல்லா இருக்கட்டும்,” என்றாள் கேய்னர். “கூட்டக் கூட்ட மோசமாகுதுன்னு ஒருத்தர் சொன்னா நம்புங்கன்னு எழுதுங்க. மருந்து இல்லேன்னா இல்லேன்னே சொல்லுங்க. அத நான் தாங்கியிருப்பேன்.”

அப்போது பிக்கர்ஸ்கில், அவள் தன்னிடம் சொன்னதையும் தான் கேட்காமல் நடக்கச் சொன்னதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னார். அந்த வரி போயிற்று. தெம்புக்குள் இருக்கச் சொல்லுங்கள், மறுநாள் மோசமானால் குறையுங்கள், வர முடியாதவரை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று புதிதாக எழுதினார்கள்.

அந்தக் கடைசிக் கூட்டத்துக்குப் பிறகு அவளால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கஞ்சிகூட நான்தான் ஊட்டுகிறேன். புதிய வழிகாட்டி வந்ததும் பிக்கர்ஸ்கில் எடுத்து வந்தார். அறை வாசலில் நின்று, சன்ன வெளிச்சத்தில் தாழ்ந்த குரலில் படித்தார். முதல் பக்கம் முடியுமுன் அவள் கையசைத்து நிறுத்தினாள். அன்று அவள் சொன்னதைக் கேட்காததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார்.

“நீங்க நடக்கச் சொன்னப்ப எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா, டாக்டர்,” என்றாள்.

அவர் படியிறங்கி, வெகுநேரம் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு இதே நோய் வந்தது. ஓய்வெடுக்கச் சொன்னார் பிக்கர்ஸ்கில். இப்போது அரைநாள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் எங்கள் வாசலைக் கடக்கும்போது, கிளைவ் ஜன்னலை விட்டு உள்ளே நகர்ந்துகொள்கிறான்.