கதை சிஸ்டரின் சிபாரிசு

"இன்னைக்கு உங்களுக்குப் பேய் வேணாம், பிரஷர் இறங்கிக் கிடக்கு. மழையை வளக்குற கிழவன் கதை தர்றேன். பத்தே பக்கம்" என்கிறார் கதை சிஸ்டர், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே. மழையை எப்படி வளர்ப்பது என்று என் மாமனார் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே ஊசி உள்ளே போய்விடுகிறது.

டயாலிசிஸ் பிரிவில் அவர் மூத்த நர்ஸ். கோட்டுப் பையில் கையுறை, பிளாஸ்திரி, கூடவே பழைய இதழ்களிலிருந்து கிழித்துப் பின் அடித்த மாயாஜாலச் சிறுகதைகள். குடும்பக் கதை மருந்துக்கும் கிடையாது. "அதெல்லாம் வீட்லயே நடக்குதுங்க. இங்க படுத்திருக்கற நேரமாவது வேற உலகத்துக்குப் போய்ட்டு வரட்டும்" என்பார். ஊசியை உருவும்போது கதையின் முடிவைக் கேட்பார். நோயாளி திருதிருவென விழித்தால் படிக்காமல் தூங்கிவிட்டார் என்று பொருள். அவருக்கு அடுத்த முறை கட்டாயம் பேய்.

எனக்கு மாயாஜாலம் சுத்தமாகப் பிடிக்காது. மாமனாருக்குத் துணையாக உட்கார்ந்து உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் நானும் படித்துத் தொலைத்தேன். நிழலை இரவல் கொடுத்துவிட்டு வெயிலுக்குப் பயந்து வாழும் தையற்காரியின் கதை மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. கிடைத்தால் நீங்களும் படியுங்கள்.

சிஸ்டரிடம் ஒரு கறாரான சட்டம் உண்டு. இயந்திரம் நிற்பதற்குள் முடிந்துவிடும் கதையைத்தான் கொடுப்பார். நாவல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெறும் வீம்பு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார். முன்பு ஒரு லாரி டிரைவருக்கு நாவல் கொடுத்தாராம். பாதியில் மடக்கி வைத்துவிட்டுப் போன மனிதர் திரும்பி வரவே இல்லை. "டிராகன் செத்துச்சா இல்லையான்னு தெரியாமலே போய்ட்டாருங்க. அவரு சம்சாரம் புஸ்தகத்தைத் திருப்பித் தந்தப்ப, முகத்தை எங்க வச்சுக்கறதுன்னே தெரியல எனக்கு."

போன மாதம் ஜன்னலோரக் கட்டிலுக்கு சிஸ்டருடைய சொந்த அண்ணனே வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து ஆள் கரைந்துகொண்டே போனார். இதயமும் கைவிட்டுவிட்டது, இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் தங்கையிடம் சொல்லிவிட்டார். அதை அண்ணனிடம் சொல்லும் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார். சிஸ்டர் சொல்லவில்லை. வழக்கம்போல ஒரு சிறுகதையை நீட்டினார்.

"ஊருக்கே குடுக்கறதை எனக்கும் குடுக்காத. நல்லா தடிமனா ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார் அண்ணன்.

"சின்னதுதான்ணே நல்லாருக்கும்."

"ஏன், பெருசுன்னா என்னால முடிக்க முடியாதா?"

பக்கத்துக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நான் மாமனாரின் போர்வையை இழுத்துவிட்டேன். சிஸ்டர் சிறுகதையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது அண்ணனின் மடியில் ஒரு நாவல் கிடந்தது. மூன்று பாகத்தில் முதல் பாகம். அதுவே செங்கல் கனம். அட்டையில் பறக்கும் கோட்டை. ஊசி ஏறாத கையால் பக்கங்களைத் தள்ளித் தள்ளி, மூச்சு வாங்க ஓர் அத்தியாயத்தை முடித்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மத்த ரெண்டும் வாங்கிட்டியா பாப்பா?"

"வாங்கியாச்சுண்ணே. வீட்ல இருக்கு."

சொன்ன கையோடு சிஸ்டர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அலாரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். அலாரம் எதுவும் அடிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார்.