நாய்க்கு வைத்த பொட்டு

அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், பிறகு வந்த கணக்கப்பிள்ளை, அவருடைய பாட்டுப் பெட்டி, இசைத்தட்டில் உட்கார்ந்திருந்த நாய். நாயையும் ஓர் ஆளாகத்தான் சேர்க்கிறேன்.

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு பையனின் சட்டையில் அதே நாய். கிராமபோன் குழாய் முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது என்னா நாய் தம்பி?"

"தெரியாதுங்க. சும்மா டிசைன்."

ஐம்பதுகளில் எங்களுக்கு அதுதான் அடையாளம். எழுத்து வாசிக்கத் தெரியாது. நாய் இருந்தால் நல்ல தட்டு. படத்தில் குழாய் உண்டு, பெட்டியில் இல்லை. "கொழாயே இல்லாம இது எதுல கேக்குது?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு ஒரு கால் சரியில்லை. மலை ஏற முடியாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் லேசான வேலை கொடுத்து வைத்திருந்தவர் கணக்கப்பிள்ளை. ஆயுத பூசைக்குப் பெட்டியை இரவல் தந்தவரும் அவர்தான்.

பூசையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். பெட்டியும் வேலை செய்கிற சாமான்தானே. வைத்தேன். நாய் பைரவர் வாகனம் என்று அம்மா சொன்னாள். தட்டுத் தட்டாக நாய்க்கும் வைத்தேன். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துவிட்டேன். தட்டு சுற்றியதும் தெறித்துக் கோடுகளில் இறங்கியது. பாட்டு ஒரே இடத்தில் நின்று இழுத்தது.

அதோடு விட்டிருக்கலாம். அடுப்புச் சாம்பலை அள்ளி, பித்தளைச் செம்பு துலக்குகிற மாதிரி எல்லாத் தட்டையும் துலக்கினேன். பளபளவென்று ஆனது. பிறகு ஒன்றும் பாடவில்லை.

சாயந்தரம் கணக்கப்பிள்ளை வந்தார். ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னா காத்தான், பொட்டியக் குடுத்தா கோயில் கட்டிட்டியா?"

"புள்ள பக்தியில செஞ்சிருச்சுங்க ஐயா."

"நாய்க்கு என்னாய்யா பக்தி?"

லயமே சிரித்தது. அவரும் சிரித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை அப்பா பெயரைக் கூப்பிட்டு, ஏழாம் நம்பர் மலை என்றார்.

"சரிங்க," என்றார் அப்பா.

அறுபதுகளில் கணக்கப்பிள்ளை ரேடியோ வாங்கினார். அதில் நாய் இல்லை. அதற்குப் பிறகு தட்டு போடுகிறவர்களும் இல்லை. மடுவம் இடிந்துவிட்டது. ஏழாம் நம்பரில் இன்று தேயிலை கிடையாது, காடுதான். ரோட்டிலிருந்து அங்கே ஏறக் கருங்கல் படி இருந்தது. அப்பா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் அடுத்த படிக்குப் போவார். நான் கூடையோடு பின்னால் போவேன், எண்ணிக்கொண்டு.

நூற்றுப் பதினாறு.