காற்று மணிகளைக் கழற்றிய ஐலா

கனடாவில் ஏரிக்கரை ஊரான தண்டர் பே நகரில் இருபத்தாறு வருடமாக நடைபாதைக்குக் கான்கிரீட் போடுகிறவன் நான். போட்டுக் காய்ந்த பாதையை உடைத்து மறுபடி போட வைத்த ஒரே மனுஷி ஐலா நீமி. அதுவும் ஒரே பாதையை மூன்று தடவை. எனக்கு லெஸ் என்று ஒரு பெயர் உண்டு. அவள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை, "ஏ சிமெண்டு" என்றுதான் கூப்பிடுவாள்.

பூங்காக்களில் செடி நடும் வேலையில் இருந்தவள். முப்பத்தெட்டு வயதில் ஆப்பிள் மரத்தில் கிளை வெட்டும்போது ஏணி சரிந்து முதுகெலும்பு போயிற்று. ஆறு மாதம் கழித்து, சக்கர நாற்காலியில் தன் பழைய பூங்காவுக்குப் போனாள். தானே நட்ட பூ தரையோடு தரையாகக் கிடந்தது, குனிந்து தொட முடியவில்லை. பாதை முழுக்கச் சரளைக்கல். அன்றைக்கு அழுதாயா என்று ஒருமுறை கேட்டேன்.

"அழ எங்க நேரம்? சக்கரம் சரளையில சிக்கிக்கிச்சு, திட்டவே நேரம் சரியாப் போச்சு" என்றாள்.

அன்றிலிருந்து, உடம்பில் எந்தக் குறை இருப்பவரும் உள்ளே போய்த் தொட்டு, முகர்ந்து, பறித்துத் தின்னக்கூடிய தோட்டங்களை வரைவதுதான் அவள் தொழில். உயர்த்திக் கட்டிய பாத்தியின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திக் கையை நீட்டுவாள். விரல் நுனி தொடும் இடம்தான் பாத்தியின் நடு. பாதையைச் சோதிக்க, மடியில் தளும்பத் தளும்பக் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு உருட்டி வருவாள். ஒரு சொட்டு சிந்தினாலும் நான் கடப்பாரையை எடுக்க வேண்டியதுதான். மூன்றாவது தடவை அவள் வேண்டுமென்றே சிந்தினாள் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

நூலகத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அவள் தோட்டம் போட்டது வெய்னோவுக்காக என்றே சொல்லலாம். தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயில் ஒன்பது வருடம் முன்பு பார்வை போனது. அக்கா இர்மா அவருடைய முழங்கையை விட்டதே இல்லை. நல்ல மனுஷிதான், ஆனால் அவள் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் போலீஸ் திருடனைக் கூட்டிப்போவது போல இருக்கும். ஒருநாள் காப்பிக் கடையில், இர்மா கைகழுவப் போன நேரம் பார்த்து, வெய்னோ ஐலாவிடம் தணிந்த குரலில் ஒன்று கேட்டார். எங்கேயாவது பத்து நிமிஷம், யார் கையும் மேலே படாமல், தனியாகச் சுற்ற வேண்டுமாம். சுற்றுவீர்கள் என்று ஐலா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பார்வை இல்லாதவருக்கு ஓசைதானே வேண்டும்? ஐலா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வீட்டு வாசலில் தொங்கிய காற்று மணிகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். மொத்தம் முப்பத்தொன்று. ஏணியில் ஏறி மாட்டியவன் நான்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு வெய்னோவை ஒத்திகைக்குக் கூப்பிட்டோம். ஏரிக்காற்று வீசியது, முப்பத்தொன்றும் சேர்ந்து ஒலித்தன. பத்தடி நடந்தவர் நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். கோல் ஒரு செடித் தொட்டியில் இடித்தது. கடைசியில் "அக்கா" என்றார். இர்மா ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஐலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"எனக்குக் காதுதான் கண்ணு, ஐலா" என்றார் வெய்னோ. "உன் மூஞ்சிக்கு நேரா முப்பது டார்ச் அடிச்சா உனக்கு வழி தெரியுமா?"

ஐலா நாற்காலியை அவர் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வாசல்ல படி வச்சுக் கட்டுறவங்களை எத்தனை திட்டு திட்டியிருக்கேன், எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு. நான் உங்களைக் கேட்டேனா? சரி, இப்ப கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்?"

இரண்டு மணி நேரம் சொன்னார். ஒரே ஓசை, ஒரே இடத்தில் இருக்கட்டும். நடுவில் தண்ணீர் விழுந்தால் போதும், அதை வைத்து எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்வார். கோலுக்குத் துணையாகப் பாதையின் ஒரு பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு வேண்டும். புதினாவை எல்லா இடத்திலும் நடாமல் திருப்பத்தில் மட்டும் நட்டால், வாசனை வந்ததும் திரும்பிவிடுவார். பெஞ்சுக்கு முன்னால் மரப்பலகை பதித்தால் கால் சத்தமே சொல்லிவிடும். விளிம்பு போடும்போது நான் முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டேன், ஆனால் ஒழுங்காகப் போட்டேன்.

மணிகளையெல்லாம் கழற்றச் சொல்லி, திருப்பிக் கொடுக்க ஐலா வீடு வீடாகப் போனாள். படியில்லாத வீடு இந்த ஊரில் எத்தனை? தெருவிலிருந்தே சத்தம் போட்டாள், மணி நல்ல மணிதான், தப்பு என்னுடையது என்று. ஒரு கிழவர் மட்டும், இறந்துபோன மனைவியின் மணி என்று கோபித்துக்கொண்டார். அதை வாசலில் மாட்டச் சொல்லி, பதினைந்து நிமிஷம் நடைபாதையிலேயே இருந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

சனிக்கிழமை திறப்பு. ஊரே வாசலில் நின்றது. வெய்னோ முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். இர்மாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிஷம் போதும். பத்தாயிற்று, இருபதாயிற்று. செடி மறைப்பில் ஆள் தெரியவில்லை. இர்மா உள்ளே போகப் பார்த்தாள். ஐலா நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"அவரு கூப்பிடல" என்றாள்.

"விழுந்து கிடந்தா?"

"விழுந்தா எந்திரிப்பாரு. நானும்தான் வாரத்துக்கு ஒருவாட்டி விழறேன்."

பேச்சுதான் அப்படி. உள்பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கோல் சத்தம் கேட்டது. வெய்னோ வாசலை நோக்கி வந்தார். சட்டையில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு, முகத்தில் சிரிப்பு.

இர்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு நேரம் என்னடா பண்ணின?"

"மூணு சுத்து முடிச்சுட்டேன், அக்கா. ரெண்டாவதுல வழி தப்பிப் போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நானே கண்டுபிடிச்சேன்."

இர்மா சேற்றைத் தட்டிவிடக் கையைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தக் கையைத் தன் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். ஐலா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து வழிவிட்டாள். வெய்னோ வெளியே வரவில்லை, நாலாவது சுற்றுக்குத் திரும்பிப் போனார்.