திறக்காத கடைக்கு வந்த கூட்டம்

முடங்கிக் கிடந்த எங்கள் இணையப் பக்கம் எழுந்துவிட்டதா என்று பார்க்க, சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அதைத் திறக்கச் சொன்ன மேதை நான். நெரிசலில் மூச்சுத் திணறுகிறவனைப் பார்க்க ஊரையே கூட்டிக்கொண்டு போன மாதிரி.

பக்கம் என் அக்கா வீட்டுக்காரருடையது. எனக்குப் பாவா. பள்ளிப்பட்டில் விசைத்தறி போட்டுச் சேலை நெய்கிறார். திருத்தணியில் உட்கார்ந்தபடியே அவற்றை இணையத்தில் விற்றுத் தருகிறேன் என்று நான்தான் வாய்விட்டேன். இருப்பதிலேயே மலிவான சர்வரைப் பிடித்தேன். சேலைப் படங்களுக்குக் கீழே எனக்குத் தெரிந்த வேலையையும் காட்டினேன்: “சேலையின் சாயம் போனால் மாற்றித் தருவோம். மாப்பிள்ளையின் சாயம் வெளுத்தால் நாங்கள் பொறுப்பல்ல.”

சிரிப்பு வீடியோ போடும் பிரபலம் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இந்த வரியைப் படித்துச் சிரித்து, லிங்கையும் போட்டுவிட்டார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முழுக்க ஒரே பெட்டிக்கடையில் சோடா கேட்டால் எப்படி இருக்கும்? பக்கம் வெள்ளையாக நின்றது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. கோயில் ஊர்க்காரன், கூட்டம் வந்தாலே நல்லது என்று நினைக்கிற புத்தி. லிங்கை நானும் நாலு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அப்போதுதான் பாவா போன் செய்தார். அரக்கோணத்தில் ஒரு கல்யாண வீடு. உறவுக்காரர்களுக்கு வைத்துக்கொடுக்க மொத்தமாகச் சேலை எடுப்பதாக இருந்தார்கள். படம் பார்த்துச் சாயங்காலத்துக்குள் சொல்கிறோம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். கல்யாண வீட்டு அம்மாள் எத்தனை தடவை முயன்றும் பக்கம் திறக்கவில்லை. அந்த ஒரு வியாபாரத்தை நம்பித்தான் பாவா அந்த மாதம் தறியை ஓட்டியிருந்தார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. சொந்தங்கள் விடாமல் திறந்து பார்த்து, இன்னும் வரவில்லை என்று பாசத்தோடு தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பாவா எனக்காகக் காத்திருக்கவில்லை. தறிக்கொட்டகை வாசல் வெளிச்சத்தில் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து, போனில் படம் எடுத்து அந்த அம்மாளுக்கே அனுப்பிவிட்டார். இருட்டுவதற்குள் அவர்கள் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். இது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் கூட்டம் வேறொரு சிரிப்பைத் தேடிப் போனதும் பக்கம் தானாகவே எழுந்தது. நான் எழுப்பியதாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று பாவாவுக்குப் போன் செய்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

“எப்படியோ பாவா, நம்ம கடை இப்ப ஊருக்கே தெரிஞ்சிபோச்சு.”

தறிச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

“தெரிஞ்சி இன்னா, தெறக்கலியே.”