ராக்குவை இறக்கிய கப்பல் சொல்

அப்துல் சமது முப்பத்தாறு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவர். கடைசிப் பதினோரு வருஷம் சாரங்கு. கப்பல் வேலையாட்களான கலாசிகளுக்கெல்லாம் தலைவன். பாரசீகத்தில் படைத்தலைவனுக்கு இருந்த பட்டம் அது. வேலை விட்டுக் கரையேறி வந்த போடியில் அவர் வெறும் மளிகைக்கடை பாய்.

போன ஐப்பசியில், குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டைகளோடு ஜீப்பில் போனார். மழையில் பாதை சரிந்து கிடந்ததால் ஜீப்பு மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. நாற்பதடி உயரத்தில் ஒரே கூச்சல். செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்தார்.

ஏலக்காய் பறிக்கிற ராக்கு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கதவைக் கழற்றி, கம்பளி விரித்து, அவளை அதில் கட்டிச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கயிற்றை நாலு பேர் வெறுங்கையில் பிடித்திருந்தார்கள். அவள் புருஷன் சுருளிவேல் தமிழில் கத்தினான், கங்காணி மலையாளத்தில், ஜார்க்கண்ட் ஆட்கள் இரண்டு பேர் இந்தியில். லோடு ஏற்றும்போது எல்லோரும் குரல் கொடுப்பது அங்கே வழக்கம். மூட்டைக்கு அது சரி. முறிந்த எலும்பு ஒரு குலுக்கலில் உள்ளே ரத்தக்குழாயைக் கிழித்துவிடும். ஒருவன் விட, ஒருவன் இழுக்க, கதவு சாய்ந்தது. ராக்கு அலறினாள்.

"மேல இழுங்க! இப்படி இறக்கினா கீழ போறதுக்குள்ள ஆளு முடிஞ்சிரும்" என்றார் சமது.

"பாய், அரிசி விக்கிற சோலியப் பாருங்க" என்றான் சுருளிவேல். ஆனாலும் இழுத்தான்.

சமது அவள் இரண்டு கால்களையும் நடுவில் துணி வைத்துச் சேர்த்துக் கட்டினார். கயிற்றைச் சில்வர் ஓக் மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார்.

"பாரத்த மரம் தாங்கும். இனி என் வாய் மட்டுந்தான் பேசும். ஆரியான்னா இறக்கு. ஹபேஸ்னா தூக்கு. ரெண்டே சொல்லு."

"என்னைய அபேஸ் பண்ணப் போறீகளா பாய்?" வலியிலும் ராக்குவுக்கு வாய் குறையவில்லை.

"நீ பேசு ஆத்தா. பேசுறவரைக்கும் எனக்கு நிம்மதி."

"அதென்ன பாஷை?" என்றான் சுருளிவேல்.

"ஆரியா போர்த்துக்கீசியன் விட்டுட்டுப் போனது. நான் சாரங்கா இருந்த கப்பல்ல குஜராத்தி, வங்காளி, கொங்கணி, நம்மாளுன்னு கலந்து இருப்பான். அவனவன் பாஷையில கத்துனா கயித்துல கை போயிரும். அதான் யாருக்கும் சொந்தமில்லாத சொல்லு. சுக்கான் அரபி, மாலுமியும் அரபி."

இந்தியிலும் சொல்லிவிடலாம் என்று திரும்பினார். ஜார்க்கண்ட்காரன் மங்கரா சிரித்தான்.

"ஆரியா மாலும் ஹை, தெரியும் சாச்சா. சென்னை, கிரேன் வேலை. இதே பேச்சு."

சமதுவுக்குச் சட்டென்று நெஞ்சு நிமிர்ந்தது. தன்னோடு கரையேறி முடிந்துபோனதென்று நினைத்த சொல், அவருக்கு முன்பே மலையேறி வந்திருந்தது. மங்கராவை மரத்தடியில் கயிற்றுக்கு முதல் ஆளாக நிறுத்தினார்.

"ஆரியா... ஆரியா..." ஒரு முழம், நிறுத்தம். மறுபடி ஒரு முழம். பாதிச் சரிவில் ஒரு வேர் கதவைத் தடுத்தது. நாலு பேருக்கும் வாய் துடித்தது. ஒருவரும் திறக்கவில்லை.

"ஹபேஸ்!" கதவு ஒரு சாண் எழும்பி வேரைத் தாண்டியது. "ஆரியா!"

கால் மணி நேரத்தில் கதவு ஜீப்பின் பக்கத்தில் மெத்தென்று உட்கார்ந்தது. சமது இறங்கி வந்து அவள் பாதத்தைத் தொட்டார். சூடு இருந்தது.

"விரல ஆட்டு."

பத்து விரலும் ஆடின.

சுருளிவேல் தேம்பத் தொடங்கினான்.

"அழுகைய அப்புறம் வச்சுக்க மாப்ளே. மூட்டைய இறக்கு, கதவோட உள்ள ஏத்தணும்."

"சரிங்க சாரங்கு" என்றான் சுருளிவேல். அரிசி மூட்டைகள் வெரசாக மழையில் இறங்கின.