ரத்தம் பார்க்கிற வேலை

நான் பணி ஓய்வு பெற்ற அன்று ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் பந்தல் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பேச வந்த டாக்டர், "இந்த அம்மா இதை வேலையாகச் செய்யவில்லை, தொண்டாகச் செய்தார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. மைக்கை வாங்கி, "வேலையாகத்தான் செய்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு, லீவு போட்டுக்கொண்டு, ஆசைப்பட்டுச் செய்தேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிக்க வைப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. ஆண்பிள்ளை தன் வேலையை விரும்பிச் செய்தால் கெட்டிக்காரன் என்கிறார்கள். பெண்பிள்ளை செய்தால் உடனே தியாகி ஆக்கிவிடுகிறார்கள். நான் எதையும் தியாகம் செய்யவில்லை. எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். எடுக்க விடாமல் நின்றவர்களைத் தாண்டிப் போய் எடுத்துக்கொண்டேன்.

கல்வராயன் மலையில் லேப் டெக்னீசியனாக இருந்தேன். காய்ச்சலோடு வருகிறவர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலேரியா உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். மலைக்காரர்கள் என்னை 'ரத்தம் பாக்கிற பொண்ணு' என்றார்கள். வயதான பிறகு பொண்ணு போய் அம்மா வந்தது.

இந்த ஆசை எனக்குக் கள்ளக்குறிச்சியில் பிளஸ் டூ படிக்கும்போது பிடித்தது. விலங்கியல் டீச்சர் தன் விரலையே குத்தி ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஆளுக்கு ஒரு நிமிஷம் பாருங்கள் என்றார். ரத்தம் என்றால் சிவப்புத் தண்ணீர் என்று நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தால் ஆடித் திருவிழா ஜனம் மாதிரி வட்டம் வட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பின்னால் நின்றவள் முதுகில் இடித்தாள். நான் நகரவில்லை. டீச்சர் காதைப் பிடித்துத்தான் என்னை அந்த இடத்திலிருந்து நகர்த்தினார். சிலர், கடவுள் கூப்பிட்டார், சேவை கூப்பிட்டது என்றெல்லாம் சொல்வார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு ரெண்டு கல் முன்னால், கள்ளக்குறிச்சிப் பக்கம். கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு விளைகிற ஊர். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்பாவின் அண்ணன், பெரியப்பாதான் வீட்டுக்குப் பெரியவர். ஊருக்கும் கிட்டத்தட்ட அவர்தான். அவர் எங்களைப் பட்டினி போட்டதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. டெக்னீசியன் படிப்புக்கு இடம் கிடைத்தபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா மூன்று நாள் சோறு தின்னாமல் சுருண்டு கிடந்து சம்மதம் வாங்கினாள். மாப்பிள்ளை அமைகிறவரைக்கும் படிக்கட்டும் என்பது அவர் கணக்கு. நான் படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்து காத்திருந்தேன்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். எங்கள் சாதியில் படித்தவர்கள் கம்மி, சர்க்கார் வேலையில் உட்கார்ந்தவர்கள் அதைவிடக் கம்மி. கேட்டது நியாயம்தான். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் ஊரில் அந்தப் போராட்டத்தை முன்னால் நின்று நடத்தியவர் பெரியப்பா. ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியதும் ஆட்களைக் கூட்டிப் போய் ரோட்டோரப் புளியமரங்களை ரம்பம் போட்டு அறுத்துக் குறுக்கே சாய்த்தார். பஸ் ஓடவில்லை, லாரி ஓடவில்லை. கரும்பு வண்டிகூட நின்றுபோனது.

அதற்கு நாலைந்து நாள் முன்னால்தான் எனக்கு ரிஜிஸ்தர் தபால் வந்திருந்தது. கல்வராயன் மலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன் பணி, பதினைந்து நாளைக்குள் சேர வேண்டும் என்று போட்டிருந்தது. தபாலை அம்மாவிடம் மட்டும் காட்டியிருந்தேன். ஒரு வாரம் என்ற மறியல் அதற்குள் முடிகிற மாதிரித் தெரியாததால், ஒரு மத்தியானம் ஆட்களோடு சாப்பிட வந்த பெரியப்பாவிடம் அதை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவனை விட்டுப் படிக்கச் சொன்னார்.

"இன்னாது, மலைலயா? நம்ம வூட்டுப் பொண்ணுங்க அங்கல்லாம் போவ மாட்டாங்க. கிழிச்சிப் போடு."

"கவர்மென்ட் ஆர்டருங்க பெரியப்பா."

"ரோடு பூரா மரம் கெடக்குது. எந்த பஸ்ல போவ?"

"மரத்த வெட்னது இன்னாத்துக்குங்க?"

அவருக்கு என் கேள்வி பிடிபடவில்லை. "இன்னாத்துக்கா? நம்ம புள்ளைங்களுக்கு கவர்மென்ட் வேலை கெடைக்கணும்னுதான்."

"எனக்குக் கெடச்சிருக்குதே. நான் நம்ம புள்ள இல்லீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்தினார்கள். பெரியப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. "பொட்டப் புள்ளைங்களுக்காவா நாங்க ரோட்ல படுத்துக்கினு கெடக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு இலையை மூடினார். அடித்திருந்தால் அழுதிருப்பேன். அந்தக் கேள்வி என்னை அழவிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு புடவை, ஆர்டர், கட்டுச்சோறு எல்லாம் ஒரு பையில் வைத்து அம்மா கொடுத்தாள். "வாய்க்கா மேலயே போயிடு. ரோட்டுப் பக்கம் உங்க பெரியப்பா இருக்கிறாரு" என்றாள். நான் ரோட்டு வழியாகத்தான் போனேன். திருடி மாதிரி வயலுக்குள் பதுங்கிப் போய்ச் சேர்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

அறுத்துச் சாய்த்த மரத்தின் மேல் பெரியப்பாவும் இருபது முப்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் மரத்துக்கு வெள்ளையில் எழுதிய நம்பர் அழியாமல் இருந்தது. நான் பையை முதலில் அந்தப் பக்கம் வீசினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளையைப் பிடித்து ஏறினேன். ஒருத்தன் என் கையைப் பிடிக்க வந்தான்.

"வுட்றா. வெயில் ஏறினா தானா திரும்பிடுவா" என்றார் பெரியப்பா.

"திரும்ப மாட்டேங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் குதித்தேன். முழங்கால் சிராய்த்தது. கச்சிராயபாளையம் போகிறவரைக்கும் அப்படி எத்தனை மரம் ஏறி இறங்கினேன் என்று நினைவில்லை. உள்ளங்கையில் புளியமரத்துப் பட்டை உரித்த காயம் மட்டும் பல நாள் இருந்தது.

சந்தைக்குக் கடுக்காயும் தேனும் கொண்டுவந்த மலைக்காரர்கள் பஸ் இல்லாமல் நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஒற்றையடிப் பாதையில் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் வழியிலேயே அவர்களில் ஒரு குடும்பத்து வீட்டில் தங்கினேன். சாமைச் சோறு போட்டார்கள். நான் யார், என்ன சாதி, ஏன் தனியாக வருகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலை சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அப்போதிருந்த டாக்டர் என்னையும் என் காலையும் பார்த்தார். "பஸ்ஸே இல்லையே, எப்படிம்மா வந்தே?"

"நடந்துங்க சார்."

"பொம்பளப் பிள்ளை இங்க தங்க முடியாதும்மா. ஒரு மாசம் பாத்துட்டு மாத்தல் கேட்டு எழுதிக்கோ."

எனக்கு முன்னால் இருந்தவர் மாறுதல் வாங்கிப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் லென்ஸில் பூஞ்சை பூத்துக் கிடந்தது. இரண்டு நாள் அதைத் துடைத்தேன். கரண்ட் நம்ப முடியாதது. அதனால் மேஜையைக் கிழக்கு ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு, கண்ணாடியில் வெயிலை வாங்கித் திருப்பிப் பார்க்கப் பழகினேன். மூன்றாம் நாள் ஒரு மலைக்காரரின் ரத்தத்தில் முதல் கிருமியைக் கண்டுபிடித்தேன். கல் வைத்த மோதிரம் மாதிரி நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த மனிதர் குளிரில் நடுங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கூச்சமாகவும் இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

மறியல் ஓய்ந்த பிறகு கீழே போலீஸ் வேட்டை தொடங்கியது. மரம் வெட்டியவர்கள் என்று ஊர் ஊராகப் பிடித்தார்கள். சில ஊர்களில் காலனிக் குடிசைகளைக் கொளுத்திய வழக்கும் இருந்தது. ஆண்கள் எங்கெங்கோ ஓடி ஒளிந்தார்கள். மலைக்கும் ஏறினார்கள்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு காலையில் கம்பளி போர்த்திய ஆள் ஒருவரை இரண்டு மலைக்காரர்கள் தாங்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். விரலைப் பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். பெரியப்பா. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வேறு போக்கிடம் இல்லாமல் வந்திருந்தார்.

குத்தினேன். தடவினேன். நோட்டை எடுத்துப் பேர் எழுதப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"எம்பேர எழுதாத பாப்பா. இன்னாத்தையாவது ஒரு பேர் போட்டுக்க."

"அது முடியாதுங்க பெரியப்பா. தப்பான பேர் எழுதினா தப்பான ஆளுக்கு மருந்து போவும். நான் பொய் எழுத மாட்டேன்."

"போலீஸ் வந்து பாத்தா?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அவருடைய சொந்தப் பேரையே எழுதினேன். அதற்குப் பிறகு கேட்டேன்: "குடிசைங்கள கொளுத்துனதுல நீங்க இருந்தீங்களா?"

"சத்தியமா இல்ல. நான் மரத்தோட சரி."

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய்யாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. மருந்து கொடுத்திருப்பேன், அது மட்டும் நிச்சயம். அவர் ரத்தத்திலும் மோதிரங்கள் இருந்தன. ஐந்து நாள் மாத்திரை. தினமும் ஒரு மலைக்கார வீட்டிலிருந்து நடந்து வந்து என் கண்ணெதிரில் விழுங்கிவிட்டுப் போனார்.

நாலாம் நாள், அவர் விழுங்கிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், ஜீப் வந்தது. ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு போலீஸ்காரர்களும். டாக்டர் கூட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சி போயிருந்தார்.

"காய்ச்சல்னு வந்தவங்க நோட்டு எடும்மா. கீழ்நாட்டு ஆளுங்க பேர் இருக்கான்னு பாக்கணும்."

நோட்டு என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. "டாக்டர் எழுதிக் கொடுத்தா தர்றேங்க சார்."

"நான் கேக்கிறேன். உனக்கு இன்னா?"

"ஒளிஞ்சிருக்கிறவன் காய்ச்சல்ல சாவட்டும்னு நீங்க நெனைக்கலாம் சார். நான் நெனைக்க முடியாது. நோட்டக் காட்டினேன்னா நாளைலேர்ந்து ஒருத்தரும் விரல் நீட்ட மாட்டாங்க. மலைக்காரங்களும் வர மாட்டாங்க."

"உன்னையும் தூக்கி உள்ள போட முடியும், தெரியுமா?"

"போடுங்க சார். எட்டு சிலைடு இருக்குது. பாத்து முடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். உண்மையைச் சொன்னால், எதுவுமே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. வெறும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் இருந்த மலைக்காரப் பெண்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் நின்ற எஸ்.ஐ., "டாக்டர் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "மாத்தல் கேட்டு எழுதினியா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பெரியப்பா குணமாகி, சில மாதம் கழித்துக் கோர்ட்டில் ஆஜராகி, கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பிற்பாடு, போராட்டத்தில் கேட்ட ஒதுக்கீடு கொஞ்சம் கிடைத்தது. அதன் பிறகு ஒரு கூட்டத்தில், "எங்கள் போராட்டத்தால்தான் என் தம்பி மகள் சர்க்கார் வேலையில் இருக்கிறாள்" என்று அவர் மேடையில் என்னைப் பற்றிப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எல்லோரும் இருக்கையிலேயே கேட்டேன்.

"எனக்கு ஆர்டர் வந்தது நீங்க மரம் வெட்றதுக்கு முன்னாடிங்க பெரியப்பா. நான் அந்த மரத்த ஏறித் தாண்டிப் போயித்தான் சேந்தேன்."

"மேடைல ஒரு பேச்சுக்கு சொல்றதுதான், வுடேன்."

"ஒங்க பேச்சுக்கு எவ்ளோவோ இருக்குது. என் வேலைய அதுல சேக்காதீங்க."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. ஆனால் மறுபடி ஒருநாளும் அப்படிப் பேசவில்லை. சில வருஷம் கழித்து அவருடைய மகன் வயிற்றுப் பேத்திக்கு அதே ஒதுக்கீட்டில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே பஸ் ஏறிப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார் என்று அம்மா சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஒதுக்கீட்டுக்காக அடிபட்டவர்களை, உயிர் விட்டவர்களை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

எனக்குக் கீழே இறங்கி வரச் சொல்லி மூன்று முறை மாறுதல் வந்தது. மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று கேட்ட இடத்தில், 'விருப்பம்' என்று போட்டேன். அலுவலகத்தில், அது காரணமாகாது, குடும்பச் சூழ்நிலை என்று மாற்றி எழுதுங்கள் என்றார்கள். மாற்றவில்லை.