தங்கச்சி படம்

என் தங்கச்சி பத்து மாசத்தில் செத்துப்போனாள். மஞ்சக்காமாலை. அப்போது எனக்கு எட்டு வயசு.

அவளுக்கென்று ஒரு போட்டோ இல்லை. மொட்டை போடும் முன்னே பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் பக்கம். எடுக்கவில்லை. அப்படியும் ஆயுசு நிற்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

"டேய், அந்தக் கல்யாணத்துல எங்க எல்லாரையும் சேத்து எடுத்தியே. பாப்பா என் மடியில இருந்தா. அவ மொகத்த மட்டும் பெருசு பண்ணிக் குடு."

"பண்ணிரலாம்க்கா."

நான் அடம்பிடித்ததால் என்னையும் இருட்டறைக்குள் விட்டார். சிவப்பு பல்ப். மேசைமேல் தண்ணி மாதிரி மருந்து ஊற்றிய தட்டுகள். கல்யாணப் பிலிமை மெஷினில் மாட்டி, பேப்பர்மேல் வெளிச்சம் விட்டு, பன்னிரண்டு எண்ணி, முதல் தட்டில் போட்டு ஆட்டினார். அம்மாவின் சேலைக்கரை வந்தது. மடி வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தீற்றல். தங்கச்சி தலையைத் திருப்பியிருக்கிறாள். இன்னும் பெரிசாக்கினார். கேழ்வரகு மாவை இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. மூணு பேப்பர் வீண்.

வெளியிலிருந்து அம்மா கேட்டாள். "இன்னாடா, புள்ளயப் புதுசா பெத்துக்கிட்டு இருக்கியா?"

"கதவத் தொறந்துராதக்கா. பேப்பர் பூரா கறுத்துரும்."

மாமா வீணான பேப்பர்களைக் கசக்கிப் போட்டார். பிறகு டிராயரிலிருந்து வேறொரு பிலிமை எடுத்தார். மறுபடி பன்னிரண்டு எண்ணினார். தட்டில் முதலில் கண் வந்தது. அப்புறம் மூக்கு. புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைக்கோடு. நான் என் புருவத்தைத் தொட்டுப் பார்த்தேன். கைக்குழந்தையில் தூளியிலிருந்து விழுந்த தழும்பு.

"மாமா, இது நானு."

"உன்னை உங்கம்மாளுக்குத் தெரியாம எடுத்தது. வாயத் தொறந்த, மாமா வூட்டுப் பக்கமே வரக்கூடாது."

படம் நிலைக்க ஹைப்போ மருந்தில் போட்டார், அலசினார், கிளிப்பில் தொங்கவிட்டார். காய்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு அந்தக் கோட்டை மூடினார்.

அம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள். மாமா கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"இவதான்," என்றாள். "மூக்கு அப்பிடியே இருக்குது."

படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினோம். அப்பா சந்தனமாலை வாங்கி வந்தார். அம்மா போட விடவில்லை.

"செத்த புள்ளைக்கு மாலை போடாம?" என்றார் அப்பா.

"வேண்டாம் வுடுங்க."

பொட்டும் வைக்கவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. தங்கச்சிமேல் அம்மாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு மாலை போடமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.